குறுக்குப் பட்டை

தெருவில் அவளுக்கு மடக்கு அக்கா என்று பெயர். நாற்காலி, மேசை, ஏணி எதுவானாலும் தன் இரும்புப் பட்டறையில் மடங்கும்படி செய்து கொடுப்பாள். வாயை மட்டும் மூடத் தெரியாது.

வீட்டு முன்னறை சின்னது. படுக்காத நேரத்தில் மடித்துச் சுவரோரம் சாய்த்து வைக்கலாம் என்று மாமனாருக்கு ஒரு கட்டில் செய்தாள். மேலே சட்டம், கீழே சட்டம், இரண்டையும் இணைக்கும் கால்கள், மூலைக்கு மூலை திரும்புகிற மாதிரி போல்ட்டு. வேண்டும்போது தள்ளினால் மொத்தமும் ஒருபக்கமாகச் சரிந்து தட்டையாகிவிடும். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கணக்கு டீச்சரான நாத்தனார் அட்டைத் துண்டுகளோடும் குண்டூசிகளோடும் பட்டறைக்கே வந்தாள். மூன்று துண்டுகளை முனைக்கு முனை கோத்தாள்; அசையவில்லை. நான்கைக் கோத்தாள்; விரல் பட்டதும் சாய்ந்தது.

"பாத்தீங்களா அண்ணி? நாலு மூலையும் திரும்புற மாதிரி இருந்தா எவ்வளவு இறுக்கினாலும் ஒருநாள் சாயும். விரிச்சப்புறம் குறுக்கே ஒரு பட்டை மாட்டுங்க. ரெண்டு முக்கோணமாயிடும், அசையாது."

"போர்டுல போடுற கணக்கு இரும்புகிட்ட பலிக்காதும்மா. நான் இறுக்கின போல்ட்டு, பிடிச்ச பிடி விடாது!"

வேலையாட்கள் சிரித்தார்கள். நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கட்டில் சாய்ந்தது. மாமனாருக்கு மணிக்கட்டு முறிந்தது.

ஓடி வந்தவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒரு போல்ட்டும் கழலவில்லை. அந்த அட்டைத் துண்டுகள் மாதிரியேதான் சாய்ந்திருந்தது. ஆனால் அக்கம்பக்கத்தார் கூடி நின்றார்கள். பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"ஓரத்துல உக்காந்திருப்பாரு. எத்தனை தடவை சொன்னேன்!"

மாமனார் வலியோடு தலையாட்டினார். "ஆமா, ஓரத்துலதான் உக்காந்தேன். தப்பு என்னோடதுதான்."

நாத்தனார் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவர், பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "மருமக செஞ்ச கட்டிலுக்கு ஒரு குறையும் இல்ல, எனக்குத்தான் உக்காரத் தெரியல" என்று சொல்லிச் சிரிப்பார். கேட்கும்போதெல்லாம் கூனிக் குறுகி அடுக்களைக்குள் போய்விடுவாள். பெரிய மனுஷன்மேல் பழியைப் போட்டுவிட்டு, அவர் வாயாலேயே பாராட்டு வாங்கித் தின்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

நான்காம் நாள் ஒரு பட்டையை வெட்டி, முனைகளில் கொக்கி வைத்து எடுத்து வந்தாள். கட்டிலை விரித்துக் குறுக்கே மாட்டினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். இம்மியும் அசையவில்லை. நாத்தனார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, தப்பு உங்க மேல இல்ல," என்றாள் மடக்கு அக்கா, கட்டிலருகே மண்டியிட்டபடியே. "இது இல்லாட்டி சாயும்னு இவ அப்பவே சொன்னா. நான்தான் திமிர்ல கேக்கல. தெரிஞ்சே உங்க மேல பழியப் போட்டேன்."

"தெரியும்மா," என்றார் மாமனார். "நான் நடுவுலதானே படுத்திருந்தேன்."