கால் வாங்க வைத்திருந்த வட்டி

எங்கள் பீங்கான் பேட்டையில் வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவரை யாருக்கும் பிடிக்காது. யூனிட்டுக்குப் போகும் சந்து குறுகல். களிமண் லாரி வந்துவிட்டால் வழியில் நிற்கும் வண்டிகளை, யார் கை சும்மா இருக்கிறதோ அவர் நகர்த்திவிட வேண்டும். அதனால் சாவி வண்டியிலேயே தொங்கும். என் வீட்டுக்காரர் அங்கே சூளை பார்த்தவர். நான் அதே யூனிட்டில், அச்சிலிருந்து எடுக்கும் ஜாடிகளின் ஓரப் பிசிறைச் சுரண்டுகிறவள். புதிதாக வருகிறவர் யாராவது சாவியைக் கையோடு எடுத்தால் இவர் விட மாட்டார். “ஒங்க வண்டி மேல இங்க யாரும் கண்ணு வெக்க மாட்டாங்க, வுட்டுட்டு வாங்க” என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டு வருவார்கள்.

மங்கலம்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், ஊறுகாய் ஜாடி எடுக்கத் தன் குட்டியானை லோடு வண்டியில் வந்தார். அன்றுதான் அவர் எங்கள் யூனிட்டுக்கு முதல் தடவையாக வந்திருந்தார். இறங்கியதும் சாவியை எடுத்தார். இவர் அதே வசனத்தைச் சொல்லித் திரும்ப வைக்கச் சொன்னார். பாய் உள்ளே வந்து ஜாடிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. லாரி வந்துவிட்டது, நம் ஆள் யாரோ நகர்த்துகிறான் என்று நினைத்து இவர் ஓடினார். சந்து வாயில் நின்று இரண்டு கையையும் ஆட்டி, “ரைட்டுல ஒடி, ஒடி, அப்டியே வா” என்று வழி காட்டினார். வண்டியில் இருந்தவனுக்கு, தன்னை மறிக்கத்தான் நிற்கிறார் என்று பட்டிருக்க வேண்டும். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வண்டி மோதி, கையை ஆட்டியபடியே விழுந்தார்.

திருடனுக்கு இவ்வளவு அக்கறையாக வழி காட்டிய மனுஷன் வேறு யாராவது உண்டா என்று இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வந்த கையோடு அழுகையும் வந்துவிடும்.

வண்டி கம்மாபுரம் பக்கம் ரோட்டோரத்தில் கிடைத்தது. திருடியவன் கிடைக்கவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இவருடைய இடது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “சூளைய யாரு பாக்குறாங்க?” என்பதுதான். அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. முட்டி மடங்குகிற மாதிரி ஒரு நல்ல செயற்கைக் கால் வாங்கி மாட்டிக்கொண்டு, மறுபடியும் சூளை வாயில் நிற்க வேண்டும். இலவசமாகக் கொடுத்த கால் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடையைப் புண்ணாக்கியது, மடங்கவும் இல்லை.

நஷ்ட ஈட்டுக்குக் கேஸ் போட்டோம். இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. வண்டி திருட்டுப் போன வண்டி, சாவியை விட்டுவிட்டுப் போனது சொந்தக்காரர் தப்பு, அவரே கொடுக்கட்டும் என்றார்கள். பாய் வீட்டுக்கு வந்தார். தலையைக் குனிந்துகொண்டு, “எங்க கடைய வித்தாலும் அவ்வளவு ஆவாது தங்கச்சி” என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் வக்கீல் தெளிவாகச் சொல்லித்தான் கூண்டில் ஏற்றினார். “சாவி பத்திக் கேட்டா, ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லுங்க.” இவரும் தலையை ஆட்டினார். உள்ளே போய், கம்பெனி வக்கீல் கேட்டதும், “அவரு சாவிய எடுத்தாருங்க. நான்தான் வுட்டுட்டு வரச் சொன்னேன். எங்க பேட்டையில அதாங்க வழக்கம்” என்று ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டார். வெளியே வந்ததும், “ஊருல இருக்கற அத்தன பேருக்கும் நல்லவரா இருங்க, எனக்கு மட்டும் வேணாம்” என்றேன். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, “அவரு நம்மள நம்பித்தான வுட்டுட்டு வந்தாரு” என்றார். அன்று முழுக்க நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பாய் தப்பித்தார். இவருடைய கவனக்குறைவுக்கு என்று ஒரு பங்கைக் கழித்துக்கொண்டார்கள். அதை நான் எதிர்பார்த்திருந்தேன். அசல் முழுவதும் ஆஸ்பத்திரிக் கடனுக்குப் போய்விடும், வழக்கு இழுத்த வருஷங்களுக்குப் போட்ட வட்டியில் கால் வாங்கிவிடலாம் என்பது இவர் போட்டு வைத்த திட்டம். புதுச்சேரிக்குப் போய்க் கால் செய்கிறவரிடம் அளவுகூடக் கொடுத்துவிட்டு வந்தோம். போகும்போது சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டார். பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு ஜோராக வரவில்லை என்று கிண்டல் செய்தேன்.

பணம் வந்தபோது குறைந்திருந்தது. ஆடிட்டரிடம் போனோம். “காலுக்குக் குடுத்த காசுக்கு வரி இல்லைங்க. லேட்டானதுக்குக் குடுத்த வட்டிக்குத்தான் புடிச்சிருக்காங்க. அத வருமானமா எடுத்துக்குவாங்க. ஒங்ககிட்ட பான் கார்டும் இல்லாததால கூடுதலாப் புடிச்சுட்டாங்க.”

“வருமானமா? எனக்கா?” என்று இவர் சிரித்தார். மீசை முளைக்காத வயதிலிருந்து சூளை அனலில் நின்றவர். வரி கட்டுகிற அளவுக்கு ஒருநாளும் சம்பாதித்ததில்லை. பான் கார்டு நமக்கு எதற்கு என்றுதான் எடுக்காமலே இருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “கட்டில்ல கெடந்து கத்துன வருஷத்துக்கெல்லாம் பேரு வருமானமாங்க? ராத்திரியில இல்லாத காலு வலிக்குதுன்னு அழுவாரு, அதுக்கும் கணக்கு உண்டா?” என்று கேட்டேன். ஆடிட்டர் பாவம், அவர் என்ன செய்வார். கார்டு எடுத்து, கம்பெனிக்கு எழுதி, ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும், ஆனால் நாளாகும் என்றார்.

நான் கடன் வாங்கலாம் என்றேன். இவர் கேட்கவில்லை. “நம்ம காசுதான, வந்துரும். இத்தன நாளு ஒத்தக் காலுல நின்னாச்சு, இன்னும் கொஞ்ச நாளு நிக்க மாட்டனா?” என்றார். கால் செய்கிறவருக்கு மட்டும் அடிக்கடி போன் போட்டு, “வந்துர்றேங்க, காசு வரட்டும், வந்துர்றேன்” என்பார்.

உட்கார்ந்தே இருந்ததில் சர்க்கரை ஏறியிருந்தது. ஒரு காலையில் டீ கேட்டார். போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மங்கலம்பேட்டை பாய்தான் கடையை மூடிவிட்டு வந்து முன் நின்று எல்லாம் செய்தார்.

காரியம் முடிந்த சில நாளில், பிடித்த பணம் திரும்ப வந்துவிட்டது என்று இவர் போனுக்கு மெசேஜ் வந்தது. நான் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு, கால் செய்கிறவர் காத்துக்கொண்டிருப்பாரே, அவருக்கு யார் சொல்வது என்று தோன்றியது. போனில் சொல்ல மனம் வரவில்லை. பஸ் பிடித்துப் போனேன்.

அவர் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். அலமாரியிலிருந்து மாவுக்கட்டுப் போடும் மாவில் செய்த ஓர் அச்சை எடுத்து வந்தார். அளவெடுத்த அன்று ஊற்றி வைத்தது. “இத வழக்கமா ஒடச்சிப் போட்டுருவோம்மா. ஒங்களக் கேக்காம செய்ய மனசு வரல” என்றார்.

வெள்ளை வெளேர் என்று அவருடைய பாதித் தொடை. தையல் போட்ட இடத்துப் பள்ளம்கூட அப்படியே விழுந்திருந்தது. நான் அச்சு வேலை நடக்கிற இடத்தில் இத்தனை வருஷம் இருந்தவள். எங்கள் யூனிட்டில் ஒரு அச்சு இருந்தால் ஜாடி எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். விரலை வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. கை பழக்கத்தில் நகத்தால் சுரண்டப் போனேன். அவருக்கு வலிக்கும் என்று நிறுத்திவிட்டேன்.