மேலகரத்தில் நின்ற வண்டி

அறுபத்தேழு வயதில் ஒருவர் தம் காரின் வேகத்தைக் கூட்டிக்கொள்வது தகுமா என்று என் மனைவி வினவியபோது, தகும் என்றே விடையளித்தேன். அரிசி ஆலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் எந்திரங்களின் ஓசையைக் கேட்டே அவற்றின் உடல்நிலை அறிந்தவன் நான். ஓய்வுபெற்ற பின் கைப்பேசிக் காணொளிகளையே ஆசானாகக் கொண்டு கார் எஞ்சினின் நுட்பங்களையும் பயின்றேன். அதன் பயனாக, என் பழைய டீசல் காரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுசென்று, அதன் கம்ப்யூட்டரில் எஞ்சினின் வலுவைக் கூட்டும் ரீமேப் எனப்படும் மாற்றத்தைச் செய்வித்தேன். கழுவிக் கழுவிப் பயன்படுத்தத்தக்க துணி ஏர் ஃபில்டர் ஒன்றையும் பொருத்திக்கொண்டேன். திரும்பும் வழியில் வண்டி பாய்ந்த பாய்ச்சலில் எனக்கு இருபது வயது குறைந்தது.

வீட்டில் மனைவி ஒரு நிபந்தனை விதித்தாள்.

"ஒரு தடவை வழியில நின்னாலும் வண்டிய என் தம்பிக்குக் குடுத்திரணும். அப்புறம் பேச்சே கிடையாது."

ஆலங்குளத்தில் வசிக்கும் என் மைத்துனருக்கு அந்தக் கார்மீது நெடுநாளாகவே ஒரு கண். எந்திரம் அறிந்தவன் என்னும் செருக்கினால் நானும் ஒப்புக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, சாரல் நன்கு பிடித்திருந்த ஒரு காலையில், வீட்டுக்கு வந்திருந்த மைத்துனரையும் சேர்த்து மூவரும் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குக் குளிக்கப் புறப்பட்டோம். மேலகரம் வந்ததும் வண்டி இழுவையை இழந்தது. மிதிக்க மிதிக்கத் தயங்கியது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இருமுறை குலுங்கி, நின்றேவிட்டது.

"பிஸ்டன் உருகிருக்கும் அத்தான்," என்றார் மைத்துனர். குரல் துக்கம் விசாரித்தது. முகத்தில் திருவிழா நடந்தது.

நல்வாய்ப்பாக ஒரு பணிமனை கூப்பிடு தூரத்தில் இருந்தது. வண்டியைத் தள்ளிய பெருமை மைத்துனரையே சாரும். "ஓட்டத்தான் ஆசப்பட்டேன், தள்ள விட்டுட்டீயளே!" என்று அவர் மூச்சிரைக்க, மனைவி குடையின் கீழே நடந்துவந்தாள்.

ரீமேப் செய்த கதையை நான் சொல்ல, மெக்கானிக் தம் கருவியை வண்டியில் செருகிப் பார்த்தார்.

"காத்த அளக்குத சென்சார்ல கோளாறு காட்டுது அண்ணாச்சி. ஆனா டியூனிங் பண்ணின வண்டியாச்சே, எஞ்சின் அடி வாங்கிருக்கான்னும் பாத்திருவோம்."

அவர் அந்தச் சென்சாரின் வயரைக் கழற்றிவிட்டு எஞ்சினை முடுக்கச் சொன்னார். முடுக்கினேன். என்ன வியப்பு! எஞ்சின் நடுக்கமின்றிச் சீராக உறுமிற்று.

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. சென்சார்தான் பொய் சொல்லுது. காத்து கம்மியா வருதுன்னு நம்பி கம்ப்யூட்டரு டீசலக் கொறச்சிருக்கு," என்றவர், காரணம் தேடி ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். திறந்ததும் மூக்கை உறிஞ்சினார். "என்ன அண்ணாச்சி, ஒரு வாசன அடிக்குது?"

நான் மலையைப் பார்த்தேன். சாரலில் மலையும் தெரியவில்லை.

மனைவி நெருங்கிவந்து குனிந்தாள். "ஏங்க, இது நம்ம வீட்டு நல்லெண்ணெய்லா?"

இனி மறைப்பதற்கு இடமில்லை, உண்மையை உரைத்தேன். இரு நாள்களுக்கு முன் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தேன். அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. சில துளிகளே விடவேண்டும். அது தென்காசிக் கடைகளில் கிடைக்கவில்லை. எண்ணெய் எதுவாயினும் தூசியைப் பிடிக்கத்தானே என்று வாதித்துக்கொண்டு, அடுக்களைப் போத்தலை எடுத்து, தலைக்கு வைப்பதுபோல் தாராளமாகத் தேய்த்துவிட்டேன். மிகுந்த எண்ணெயைக் காற்று இழுத்துச் சென்று சென்சாரின்மேல் பூசிவிட்டது.

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மைத்துனர் ஃபில்டரைத் தூக்கிப் பிடித்து முகர்ந்தார்.

"காருக்கு எண்ணெய்க் குளியலா அத்தான்? சீயக்காயும் போட்டீயளா?" பின்னர் நினைவு வந்தவராய்த் தமக்கையிடம் திரும்பினார். "எதுவானா என்ன யக்கா, வண்டி வழியில நின்னுச்சுல்லா? சொன்ன சொல்லு என்னாச்சு?"

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் கணத்தில், கையும் களவுமாகப் பிடிபட்டவனாகவே நின்றிருந்தேன்.

"ஏலே, வண்டி தானா எங்கன நின்னுச்சு? உங்க அத்தான்லா நிப்பாட்டிட்டாரு. வேணும்னா அவரக் கூட்டிட்டுப் போ ஆலங்குளத்துக்கு."

மணவாழ்வில் எனக்குக் கிட்டிய தீர்ப்புகளுள் இதனினும் இனியது வேறொன்றில்லை.

சென்சாரைத் துப்புரவு செய்து, தம்மிடமிருந்த காகித ஃபில்டரைப் பொருத்தித் தந்தார் மெக்கானிக். குற்றாலச் சாலையில் ஆள் இல்லாத ஓரிடத்தில் மனைவியே, "இப்பம் மிதிங்க, பாப்போம்," என்றாள். மிதித்தேன். இருக்கையில் முதுகு அழுந்த, கதவின் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

அருவியின் இரைச்சல் கேட்கத் தொடங்கியதும் பின்னிருக்கையிலிருந்து மைத்துனர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"அத்தான், அந்தக் கோயம்புத்தூர்க்காரரு நம்பரு இருக்கா? என் பழைய வண்டியவும் ஒருக்காக் காட்டலாம்னு பாக்குதேன்."