கஃபே பெட்டியில் ஒரு மேசை

1. சக்கரமில்லாத பெட்டி

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஓர் அமெரிக்க ரயில் பெட்டிக்குள் ஏறினேன். அது கிழக்கு லண்டனில் ஒரு பழைய கிடங்கினுள் நின்றது. சக்கரங்கள் இல்லை, கூரை பாதிவரைக்கும்தான் இருந்தது, சுவர்கள் ஒட்டுப்பலகையால் ஆனவை. யன்னலுக்கு வெளியே வேர்ஜினியா தெரிய வேண்டிய இடத்தில் பெயின்ட் வாளிகள் அடுக்கியிருந்தன.

"தலையைக் குனிஞ்சு வாங்கோ பிள்ளை," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "ரெயின் எண்டு சொல்லித்தான் உங்களை வேலைக்கு எடுத்தவையோ? இது பெரிய அலுமாரி."

அவர்தான் தேவா அண்ணை. ஜெர்மனியில் தளபாடத் தொழிற்சாலையொன்றில் பல ஆண்டுகள் வேலைசெய்தபின், பிள்ளைகளின் படிப்புக்காக வட லண்டனின் எட்மண்டனுக்குக் குடிபெயர்ந்த தச்சர். நான் சேர்ந்தது வெளிநாட்டு ரயில்வேக்களுக்குப் பெட்டிகளின் உட்புறத்தை வடிவமைத்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி; அப்போதுதான் பட்டப்படிப்பு முடித்திருந்தேன்.

இத்தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். உலோகத்தில் எதையும் வெட்டும் முன்னர், பெட்டியின் உட்புறம் முழுவதையும் மரத்தில் உண்மை அளவில் செய்து பார்ப்போம். அதற்கு மொக்-அப் என்று பெயர். மனிதர்கள் அதற்குள் நடப்பார்கள், இருப்பார்கள், தலையை இடித்துக்கொள்வார்கள். மரத்தில் கண்டுபிடிக்கும் பிழையைத் தேவா அண்ணை மாலைக்குள் மரம் அரியும் வாளால் திருத்திவிடுவார். அதே பிழை உலோகத்துக்குப் போய்விட்டால், ஒரு தலைமுறைப் பயணிகள் அதோடுதான் பயணம் செய்ய வேண்டும்.

எங்கள் கையிலிருந்தது ஒரு கஃபே பெட்டி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நெடுந்தூரம் ஓடும் வண்டிகளில் பயணிகள் வந்து தேநீரும் சாப்பாடும் வாங்கி உண்ணும் பெட்டி அது. பழைய பெட்டிகளின் உட்புறத்தைக் கழற்றிப் புதிதாக அமைப்பது திட்டம்.

2. எல்லாம் சரியாக இருந்த சோதனை

அந்நாட்டுச் சட்டம் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு உரியதை அங்குலக் கணக்கில் வரையறுத்திருந்தது: கதவின் அகலம், திரும்பும் வட்டம், கழிப்பறையின் கைபிடி, நாற்காலி நிற்கும் இடம். எங்கள் தலைமை வடிவமைப்பாளர் மார்ட்டின் அந்த அளவுகளை மனப்பாடமாகச் சொல்வார். மேற்சட்டைப் பையில் அளவு நாடா இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. வரைபடத்தை நம்ப வேண்டாம், நாற்காலி பயன்படுத்தும் ஒருவரை அழைத்துச் சோதிப்போம் என்று சொன்னவரும் அவரே.

எனக்கு நினைவுக்கு வந்தவர் தென் லண்டன் மோர்டனில் எங்கள் அடுத்த தெருவில் இருந்த கௌரி அக்கா. சிறுவயதில் போலியோ. கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவில் வேலை. தொலைபேசியில் விடயத்தைச் சொன்னதும் அவர் தயங்கவே இல்லை.

"எந்த ரெயின்? நியூயோர்க்கிலை இருந்து புளோரிடாவுக்குப் போறதோ? ஐயோ பிள்ளை, அதிலைதான் நாங்கள் போகப்போறம். வந்து பாக்காமல் விடுவனோ?"

அவருடைய அண்ணா நியூயோர்க்கிலும் தங்கை புளோரிடாவிலும் இருந்தார்கள். மூவரும் ஆளுக்கொரு ஊரில் ஒதுங்கியபின் ஒன்றாகக் கூடியதே இல்லை. தங்கை நியூயோர்க்குக்கு வந்து, அங்கிருந்து மூவரும் ஓர் இரவும் ஒரு பகலும் ரயிலில் கதைத்துக்கொண்டே போவதென்பது அண்ணாவின் ஏற்பாடு.

"புதுப் பெட்டி எப்ப ஓடும்?"

"அடுத்த கோடைக்கு முன்னம் ஓடும் எண்டுதான் சொல்லுகினம் அக்கா."

"அப்ப அண்ணாவை ரிக்கற் போடாமல் பொறுக்கச் சொல்லுறன். பழைய பெட்டியை அவர் போய்ப் பாத்தவர். எனக்குச் சரிவராது எண்டவர்."

சோதனை நாளில் கௌரி அக்கா கதவால் வந்தார், திரும்பினார், கழிப்பறைக் கதவைப் பூட்டித் திறந்தார், தமக்குரிய இடத்தில் நாற்காலியை நிறுத்தினார், மீண்டும் வெளியே போனார். எங்கும் இடிக்கவில்லை. மார்ட்டினின் முகத்தில் வெளிச்சம்.

3. தேநீர்

தேவா அண்ணையிடம் ஒரு வழக்கம் இருந்தது. பட்டறைக்கு வந்த எவரையும் தேநீர் கொடுக்காமல் அனுப்பமாட்டார். அன்று அப்டன் பார்க் பகுதித் தமிழ்க் கடையொன்றில் மட்டன் ரோல்ஸும் வாங்கி வைத்திருந்தார். மார்ட்டினுக்கும் அந்த ரோல்ஸ் பழகிப் பிடித்துப்போயிருந்தது.

வெளியே குளிர். ஆகவே மொக்-அப்புக்குள்ளேயே இருந்துவிட்டோம். மார்ட்டினும் நானும் மேசையின் இரு பக்கத்திலும் இருந்த, இருவர் இருக்கக்கூடிய வாங்குகளில் அமர்ந்தோம். கௌரி அக்கா தமக்கென்று ஒதுக்கிய இடத்தில் இருந்தார். அது சாப்பாட்டுக் கவுண்டருக்கு அப்பால், கதவையொட்டி, சுவரைப் பார்த்த இடம். தேவா அண்ணை கோப்பையை அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எங்களோடு வந்திருந்து, ஜெர்மனியில் கதவே இல்லாத ஓர் அலுமாரியைத் தம் முதலாளி விற்ற கதையைத் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கினார். மார்ட்டின் மேசையில் தட்டிச் சிரித்தார்.

"என்னத்துக்குச் சிரிக்கிறியள்?" என்று கௌரி அக்காவின் குரல் கேட்டது. "எனக்கும் சொல்லுங்கோவன்."

தேவா அண்ணை உரத்த குரலில் கதையை மறுபடி சொன்னார். இரண்டாம் முறை அது அவ்வளவு சிரிப்பாக இருக்கவில்லை.

"இஞ்சை எனக்குப் பக்கத்திலை ஆரும் இருக்கேலாதோ?"

ஒரு மடக்கு இருக்கை இருந்தது. ஆனால் ஒருவருக்குத்தான், அவரும் சுவரைத்தான் பார்க்கலாம். அவர் எங்கள் மேசைக்கு வர முயன்றார். வாங்குகள் தரையோடு பூட்டியவை. மேசையின் நடுக்கால் அவருடைய முழங்காலைத் தடுத்தது. நாற்காலியின் பாதி நடைபாதையை அடைத்தது. கோப்பையை வைக்க இடமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

ஓடும் வண்டியில் பணியாளர் வந்து சாப்பாட்டை அவரிடமே தருவார், அந்த ஏற்பாடு உண்டு என்று மார்ட்டின் பணிவாக விளக்கினார். கௌரி அக்கா முதலில் தமிழில் எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"சாப்பாட்டைக் கொண்டுவந்து தருவினம், சரி. அண்ணாவையும் தங்கச்சியையும் கொண்டுவந்து தருவினமோ?"

பிறகு அதையே ஆங்கிலத்தில் மார்ட்டினிடம் கேட்டார். மார்ட்டின் ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் பிழை எது என்று அப்போதுதான் விளங்கியது. அது லண்டனில் வாழ்பவர்களுக்கே உரிய பிழை. நாம் ரயில் என்று அறிந்திருந்தது ஏறி, இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும் ஒன்றை. ஆகவே ஏறுவதையும் திரும்புவதையும் இறங்குவதையும் சோதித்தோம். அந்த நாட்டில் மனிதர்கள் ரயிலில் ஒரு நாளை வாழ்ந்து முடிக்கிறார்கள். அந்த ஒரு நாள் இருப்பைச் சோதிக்க எவருக்கும் தோன்றவில்லை.

4. இரண்டு இருக்கைகள்

திருத்துவது எளிதாக இருக்கவில்லை. ஒரு வாங்கை எடுத்தால்தான் நாற்காலிக்கு மேசையருகே இடம் கிடைக்கும். ஒரு வாங்கு என்பது இரண்டு இருக்கைகள். அமெரிக்க ரயில்வேயின் அதிகாரி அடுத்த வாரம் வருவதாக இருந்தார். இருக்கைகளின் எண்ணிக்கைக்கு அவர்கள் ஏற்கனவே சம்மதித்திருந்தார்கள்.

"சட்டம் கேட்டதை நாங்கள் கொடுத்துவிட்டோம்," என்றார் மார்ட்டின். "அதற்கு மேல் கொடுத்தால், இழப்பு யாருக்கு என்று கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட."

நானும் அதை எண்ணிப் பார்த்தேன். கூட்டமான மாலையில் அந்த இரண்டு இருக்கை இல்லாமல் நிற்கப்போகிறவர், முழுநாள் வேலை செய்து கால் கடுக்க வருபவராக இருக்கலாம். அவருடைய அசௌகரியமும் உண்மையானது. ஆனாலும் அவர் நிற்பது சில நிமிடங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வேறு மேசையே இல்லை. இதை மார்ட்டினிடம் சொல்ல எனக்குத் துணிவு வந்ததற்குத் தேவா அண்ணைதான் காரணம்; அவரிடம்தான் முதலில் தமிழில் சொன்னேன்.

"பிள்ளை, இதை அவருக்கு இங்கிலீசிலை சொல்லுங்கோ. நான் சொன்னா வாங்கு செய்ய அலுப்பிலை சொல்லுறன் எண்டு நினைப்பார்."

சொன்னேன். மார்ட்டின் நெடுநேரம் அளவு நாடாவை இழுத்தும் விட்டும் கொண்டிருந்தார். பிறகு, ஒரு மேசையில் மட்டும் செய்து காட்டுவோம் என்றார். கழற்றிய வாங்கை அருகிலேயே வைத்திருக்க வேண்டும். அதிகாரி மறுத்தால் அவர் முன்னிலையிலேயே திரும்பப் பூட்டிவிடலாம். மேசையின் காலை எடுத்துவிட்டு, அதைச் சுவரில் பூட்டிய தாங்கியில் நிறுத்தும் யோசனையும் அவருடையதே. அந்த மாலை அவர் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத் தேவா அண்ணைக்குப் பலகை பிடித்தார்.

அதிகாரியின் பெயர் கரோல். நடுவயது, பல ஆண்டுகள் வண்டிகளில் பணியாளராக இருந்து மேலே வந்தவர். கௌரி அக்கா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மேசையருகே அவர் நாற்காலியை நிறுத்த, கரோல் எதிரே அமர்ந்தார். பிறகு எழுந்து, பொருள் கொண்டுபோகும் தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொன்னார். அது நாற்காலியின் பின்பக்கத்தில் முட்டியது.

"என் பணியாளர்கள் இதைத் தாண்டி நாள் முழுவதும் போகவேண்டும்," என்றார்.

கரோலின் பார்வை கழற்றிவைத்த வாங்கின் பக்கம் போனதை நான் கண்டேன். தேவா அண்ணையும் கண்டிருக்க வேண்டும்.

"எவ்வளவு உள்ளை போகவேணும் அக்கா?" என்று கேட்டார்.

"ஒரு சாண் இருந்தாப் போதும்."

தேவா அண்ணை மேசையின் விளிம்பில் பென்சிலால் ஒரு வளைவைக் கீறிவிட்டு மார்ட்டினைப் பார்த்தார். மார்ட்டின் தலையசைத்தார். மரத்தூள் எங்கள் எல்லோருடைய உடுப்பிலும் படிந்தது. கௌரி அக்கா அந்த வளைவுக்குள் நாற்காலியை முன்னே உருட்டினார். தள்ளுவண்டி போனது.

கரோல் உடனே சம்மதிக்கவில்லை. பெட்டிக்கு ஒரு மேசைதான், இரண்டு தரமுடியாது என்றார். கடைசியில் கௌரி அக்காவிடம், "அந்த இரண்டு இருக்கை எங்கே என்று என்னிடம் கேட்பார்கள். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்," என்றார்.

5. புளோரிடாவிலிருந்து

அந்தக் கிடங்கு இப்போது அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது. இன்றைய வடிவமைப்பாளர்கள் கண்களில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு இன்னும் செய்யாத பெட்டிக்குள் நடக்கிறார்கள். வேகமான முறை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் வெட்டிய பலகையின் மணத்துக்காக என் மனம் இன்றும் ஏங்குகிறது. ஒன்றாக அமர்ந்து வீண்கதை பேசாமல் நான் எந்த வடிவமைப்பையும் கையை விட்டு அனுப்புவதில்லை. அளக்கத் தெரியாததெல்லாம் அப்போதுதான் வெளியே வருகிறது.

அந்தப் பெட்டிகள் சொன்ன காலத்தில் ஓடவில்லை. கௌரி அக்காவின் அண்ணா ஒரு கோடை முழுவதும் காத்திருந்தார். அடுத்த இளவேனிலில்தான் மூவரும் போனார்கள். புளோரிடாவிலிருந்து அக்கா என்னை அழைத்தார்.

"மேசை எப்படி அக்கா?"

"நல்லாத்தான் இருந்தது. நாங்கள் போக ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பேப்பர் விரிச்சு வைச்சுக்கொண்டு இருந்தவர். எழும்பி இடம் விட்டவர், பாவம். அவருக்கும் பிறகு அண்ணா கதை சொல்லத் தொடங்கிட்டார்."

"நாள் முழுக்க அங்கைதானோ?"

"எங்கை பிள்ளை. தங்கச்சி வாய் மூடாமல் கதைச்சுக்கொண்டு வாறாள். அண்ணா ஒரே கதையை மூண்டு தரம் சொல்லுறார். எனக்குத் தலையிடி வந்திட்டுது. இருங்கோ எண்டு சொல்லிப்போட்டு, என்ரை இடத்துக்குப் போய் நல்ல நித்திரை."

முன்பு நெருங்கவே முடியாதிருந்த மேசையை, இப்போது அலுத்துப்போய் அவர் தாமாகவே விட்டுவிட்டுப் போயிருந்தார். தொலைபேசியை வைத்துவிட்டு, மார்ட்டினுக்கும் தேவா அண்ணைக்கும் சொல்வதற்காகப் பட்டறைக்கு ஓடினேன்.