மேட்டு ரோட்டுக்கு மணல்

அமெரிக்காவின் வெர்மான்ட் மலையூர் ஒன்றில் சாலைப் பனி வாரும் லாரியை ஓட்டுபவள் வெர்னா. சாயங்காலம் பெரும் பனிப்புயல் வரும் என்பதால் காலையிலிருந்தே வண்டிகள் பனியில் வழுக்காமலிருக்கச் சாலைகளில் மணல் தூவிக்கொண்டும், தெருவில் நின்ற கார்களை எடுக்கச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். கடைசியாக, மேட்டு ரோட்டில் இருந்த ஒரே வீட்டின் முன் நிறுத்தினாள். அங்கே எல்வின் கிழவர் தனியாக இருந்தார்.

"கரண்டு போயிடும், மாமா. பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க. படுக்கை, சாப்பாடு எல்லாம் தயாரா இருக்கு."

"சமையல் யாரு, ஹார்லனா? அப்ப நான் வரல."

ஹார்லன் அவருடைய அண்ணன். அப்பாவின் காட்டை விற்ற நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

"மேட்டு ரோட்டுக்கு மணல் போட்டாச்சான்னு உங்க அண்ணன் காலையிலேருந்து என்னை நச்சரிக்கிறாரு. இந்த ரோட்டுல வேற யாரு வீடு இருக்கு?"

எல்வின் விறகடுப்பின் கதவைச் சாத்தினார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் ஹார்லன் ஒரு கிண்ணம் சூப்பைக் கொண்டுவந்து தம்பியின் முன் வைத்தார்.

"மிளகு தூக்கலா இருக்கு," என்றார் எல்வின்.

"உனக்கு என்னைக்குடா சரியா இருந்திருக்கு?" என்றபடி எதிரே உட்கார்ந்தார் ஹார்லன்.

வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. வெர்னா லாரியைக் கிளப்பப் போனாள்.