நீல ரிப்பன் கட்டிய வாழை

போன அமாவாசையன்று ஓர் ஆராய்ச்சியின் மேல் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டேன்.

விளக்கிச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. இருந்தாலும்...

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு வாழை. நான் வைத்தவை அல்ல. தென்னூரிலிருந்து வரும் நஸ்ரின் ஒரே நாளில் நட்டவை. தாவரவியலில் பிஎச்.டி. செய்கிற பெண். வாழை தன் ஒவ்வொரு புது இலையையும் முந்தைய இலையிலிருந்து சற்றுத் திருப்பித்தான் விடுமாம். எத்தனை டிகிரி? செவ்வாய்தோறும் பஸ் பிடித்து வந்து புரொட்ராக்டர் வைத்து அளப்பாள். பத்தாம் வகுப்போடு ஜியோமெட்ரிக்கு ஒரு கும்பிடு போட்டவன் நான். அது கொல்லைப்புறமாக வந்து சேர்ந்தது.

ஒரு மரத்தில் மாதம் ஓர் இலையை அவளே அறுப்பாள். நீல ரிப்பன் கட்டிய மற்றதை யாரும் தொடக் கூடாது. இலையை இழந்த மரம் அடுத்த இலையை வேறு பக்கம் திருப்புகிறதா என்பதுதான் கேள்வி. இரண்டையும் ஒப்பிட்டால்தான் பதில் வரும். ஒன்று கெட்டால் இரண்டும் வீண். இப்படி ஏழு மாதம் ஓடிவிட்டது.

"காலேஜ் தோட்டத்துல யாராவது அறுத்துடறாங்க சார். வீடுன்னா பத்திரம்" என்று சொல்லித்தான் என்னிடம் வந்தாள்.

அமாவாசைக்கு முந்தைய வாரம் ஒரு ஃபார்மும் கொண்டு வந்தாள். அவள் அக்காவுக்கு சைக்காலஜியில் ஆராய்ச்சி. பக்கம் பக்கமாகக் கேள்விகள். 'தவறு செய்தால் உடனே ஒப்புக்கொள்வீர்களா?' எப்போதும், சில நேரம், இல்லை. யோசிக்காமல் 'எப்போதும்' என்று டிக் அடித்தேன். வேறு எதை அடிப்பது, நீங்களே சொல்லுங்கள்?

அமாவாசை வந்தது. படையலுக்கு இலை இல்லை.

"கடைக்கு ஒரு நடை போயிட்டு வந்துடுங்களேன்" என்றாள் மனைவி.

வெளியே வெயில் கொளுத்தியது. "கொல்லையிலயே இருக்கே" என்றேன்.

"அந்தப் பொண்ணு..." என்று இழுத்தாள். நான் அதற்குள் கத்தியை எடுத்துவிட்டேன்.

முதல் மரத்தின் இலைகள் காற்றில் நார் நாராகத் தொங்கின. சுவர் மறைவில் நின்ற ரிப்பன் மரத்திலோ — விரிந்து இரண்டு நாள்கூட ஆகாத இலை, ஒரு கிழிசல் இல்லை. மறந்துபோய் அறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. அலுப்பு. உலகத்தில் பாதித் தப்பு கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை; அலுப்பால்தான் நடக்கிறது.

செவ்வாய்க்கிழமை நஸ்ரின் மரத்தடியில் அப்படியே நின்றாள்.

"சார்... இலை?"

"காத்தும்மா. ரெண்டு நாளா பேய்க் காத்து."

நோட்டைத் திறந்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'காற்று' என்று எழுதினாள். என் பொய் விஞ்ஞானத்தில் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"நான்தாம்மா அறுத்தேன். படையலுக்கு."

"தெரியும் சார். காத்து கிழிக்கும், இப்படி அறுக்காது."

"அப்புறம் ஏம்மா அப்படி எழுதின?"

"நீங்க சொன்னீங்களே சார்."

எழுதியதை அடித்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "இனிமே கன்னு வச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றவள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனைவி கொண்டு வந்த காபி ஆறிப்போனது. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படி வெட்கப்படுவேன் என்று நினைக்கவில்லை.

விஞ்ஞானம் என்றால் எல்லோரும் கை தட்டுகிறோம் — நம் சாப்பாட்டு நேரத்தில் அது குறுக்கே வராத வரை.

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன். "அக்காவோட அந்த ஃபார்மைத் திருப்பித் தர முடியுமாம்மா? ஒரு டிக்கை மாத்தணும்."

"மாத்த முடியாது சார். முதல்ல அடிச்சதுதான் டேட்டா."

புதுக் கன்றுகளை எங்கே நடப்போகிறாள் என்று கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

தென்னூரில், ஒரே வீட்டில், அடுத்தடுத்த மேஜைகளில் இரண்டு ஆராய்ச்சிகள் இருக்கின்றன. அக்காவின் நோட்டில் நான் யோக்கியன். தங்கையின் நோட்டைத் தயவுசெய்து யாரும் திறக்காதீர்கள்.