எல்லாக் குழாயிலும் ஒரே ரத்தம்

கால்நடை மருந்தக உதவியாளரை அந்தத் தெருவே ‘ஊசி’ என்றுதான் கூப்பிட்டது. மாட்டின் கழுத்தைத் தடவிய மாத்திரத்தில் நரம்பைக் கண்டுபிடித்துவிடும் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம் வேலை பார்க்க உதவியதைவிட வேலையை ஏய்க்கத்தான் அதிகம் உதவியது.

ரத்த மாதிரி எடுக்கும் நாளில் வெயில் ஏறுவதற்குள் ஐஸ் பெட்டியோடு வண்டி கிளம்பிவிடும். ஒரு மாடு முட்டும், இன்னொன்று உதைக்கும். கயிற்றைப் பிடிக்க வேண்டிய வீட்டுக்காரர் “இதோ வந்துட்டேன்” என்று போனால் போனதுதான். ஒருமுறை விலாவில் உதை வாங்கி மூச்சுவிட முடியாமல் கிடந்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். தெருக்கோடியில் அவன் ‘அக்கா’ என்று கூப்பிடும் பெண்ணின் மாடு பரம சாது. என்ன செய்தாலும் அசைபோட்டபடி நிற்கும். அதன் கழுத்திலிருந்தே எல்லா மாடுகளின் குழாய்களையும் நிரப்பி, வீட்டுக்கு ஒன்றாக எண் ஒட்டி அனுப்பிவிடுவான். ஆய்வுக்கூடமும் ஒவ்வொரு முறையும் நோய் இல்லை என்றே சொன்னது. யாருக்கு என்ன நஷ்டம் என்று அவனும் நிம்மதியாக இருந்தான்.

இந்த முறை அக்காவின் மாட்டுக்குக் கன்றுவீச்சு நோய் வந்திருந்தது. சினையைக் கலைக்கும், பால் வழியாக மனிதரையும் தொற்றும் நோய். ஆக, காகிதத்தில் தெருவின் அத்தனை மாடுகளுக்கும் அது வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொன்று புதைக்கும்படி உத்தரவு வந்தது.

ஊசி உடனே மருந்தக டாக்டரிடம் ஓடிப்போய் உண்மையைக் கொட்டினான். “மறுபடி எடுத்துப் பாத்துடலாம் சார். மத்த மாடெல்லாம் நல்லாத்தான் இருக்கும்.”

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “என் கண்ணு முன்னாடி எடுத்ததுன்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்யா. இப்போ வாயைத் திறந்தா ரெண்டு பேரும் கம்பி எண்ணணும். இஷ்டம்னா போய்ச் சொல்லு.”

அவன் சொல்லவில்லை. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டான். மாடு வைத்திருந்த வீடுகளிலும் பிள்ளைகுட்டி இருந்தது.

லாரி வந்த அன்று மாடுகளை ஏற்றும் வேலையும் அவன் தலையில்தான் விழுந்தது. பால்காரரின் மாடு பலகையில் கால் வைக்க மறுத்துத் திமிறியது. நோய்நொடி இல்லாத உடம்பின் பலம் அது என்று அங்கே நின்றவர்களில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பால்காரர் தாமே அதைத் தட்டிக்கொடுத்து ஏற்றிவிட்டு, தள்ளாடிக்கொண்டே வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்.

கடைசியாக அக்காவின் மாடு ஏறியது. கயிற்றை இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நீ ஏன்டா மூஞ்சியைத் தொங்கப்போட்டு நிக்கிற? உன் மேல என்ன தப்பு?” என்றாள். “ஒரு விதத்துல மனசு ஆறுதுடா தம்பி. என் மாட்டுக்கு மட்டும் வந்திருந்தா, நான்தான் பரப்பிட்டேன்னு தெருவே என்னைக் கிழிச்சிருக்கும். எல்லாருக்கும் வந்ததால தப்பிச்சேன்.”

“ஆமாக்கா” என்றான்.