போட்டு வாறம், மாமி

எங்கள் ஒழுங்கையில் வேதக்காரர் என்றால் நாங்கள் ஒரு வீடுதான். சண்டிலிப்பாயில் சுற்றிவரப் புகையிலைத் தோட்டமும் சைவக் கோயில்களும். நடுவில் அந்தோனியார் சுருபத்தை வைத்துக்கொண்டு நாங்கள். பூசைக்குப் போவதென்றால் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் நெருங்கியடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகவேண்டும். ஆனால் பக்கத்து வீட்டு மாமிக்கும் எங்களுக்கும் இடையிலிருந்த தகர வேலியில் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. கறிவேப்பிலை, உப்பு, ஊர்ப்புதினம் எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வந்தன.

என்னுடைய அண்ணையும் மாமியின் மகனும் ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள், கடைசியில் ஒரே வள்ளம். அவுஸ்திரேலியா போகிறோம் என்று ஏறினார்கள். அதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. ஏதோ தீவில் முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். இல்லை, வள்ளம் கடலிலேயே கவிழ்ந்துவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். முதலாமவரை அம்மா உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். மற்றவரைப் படலையோடு அனுப்பிவிட்டார்.

அம்மாவும் மாமியும் சேர்ந்தே காத்திருந்தார்கள். மாமி எங்கள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். அம்மா மாமியோடு நல்லூர்க் கோயிலுக்குப் போய், சனத்துக்குள் நின்று, சேலைத் தலைப்புக்குள் செபமாலை உருட்டினார். முருகன் கோபிக்க மாட்டாரா என்று நான் கேட்டதற்கு, "அவருக்கும் தாய் இருக்குத்தானே" என்று சொல்லிவிட்டார்.

பிறகு மாமியின் மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்திவந்தது. அதோடு அந்த வீட்டில் கதை மாறிவிட்டது. செத்தவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் அந்த வீட்டில் நல்ல காரியம் நடத்தக்கூடாது என்று அவர்களுடைய சொந்தக்காரர் ஒற்றைக்காலில் நின்றார்கள். உடல் இல்லாதபடியால் தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து கிரியை முடிக்கலாமாம். நாளும் வைத்தாயிற்று. மாமி பொட்டுக்குள்ளால் வந்து, எங்கள் குசினி வாசலில் குந்தியிருந்து இதைச் சொன்னார்.

"பிள்ளை ஒரு வாய் தண்ணியில்லாமல் அலையுதெண்டு சொல்லினம், அக்கா. நான் என்ன செய்ய?"

அம்மா தேங்காய் திருவுவதை நிறுத்தினார். "உன்ரை பிள்ளை அலையுதெண்டால் என்ரை பிள்ளை எங்கை? ரெண்டும் ஒரு வள்ளத்திலைதானே ஏறினது. நீ உன்ரையைச் சாக்காட்டினால் என்ரையும் சேர்ந்தெல்லோ சாகும்."

உயிர்த்த ஞாயிறு மட்டுமாவது பொறு என்று அம்மா மாமியின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அம்மா யாரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. மாமி அழுதுகொண்டே கையை இழுத்தெடுத்துக்கொண்டு போனார்.

செத்தவீட்டன்று அம்மா போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு அறைக்குள் முழங்காலில் இருந்தார். அப்பா மட்டும் போனார். வேலிக்கு அங்காலே மாமி குழறி அழத் தொடங்கியதும் அம்மாவால் இருக்க முடியவில்லை. அயலவனை நேசி என்று சொன்ன ஆண்டவர் இப்படி ஒரு நாளையும் யோசித்துத்தான் சொன்னாரோ தெரியாது. அம்மா முகத்தைக் கழுவி, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, பொட்டு இருந்தும் அதற்குள்ளால் போகாமல் ஒழுங்கையால் சுற்றி முன்வாசலால் போனார்.

எனக்கு அதுதான் முதல் செத்தவீடு. புல்லுக்கு வேட்டி கட்டி வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் மாமியின் மகனுடைய படம் பெரிதாக இருந்தது. அவனும் அண்ணையும் சேர்ந்து எடுத்த படத்தில் அவனை மட்டும் வெட்டியெடுத்துப் பெருப்பித்திருக்கிறார்கள். அவனுடைய தோளில் அண்ணையின் விரல்கள் மிச்சமிருந்தன. அந்த விரல்களின் மேலும் மாலை விழுந்திருந்தது. அம்மா அதைப் பார்த்தார், ஆனால் அழவில்லை. பெண்கள் எல்லாரும் கட்டிப்பிடித்து அழ, அவர் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அழுதால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்திருப்பார்.

எல்லாம் முடிந்து அம்மா பேசாமல் எழும்பினார். நான் ஒழுங்காக வளர்க்கப்பட்ட பிள்ளை. எங்கு போனாலும் வெளிக்கிடும்போது சொல்லிக்கொண்டு வரவேண்டும், அதுவும் 'போறன்' என்று சொல்லக்கூடாது, போய்விட்டு வருவதாகத்தான் சொல்லவேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். ஒருவரும் சொல்லிக்கொள்ளாமல் நழுவிப்போவது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. நேரே மாமிக்கு முன்னால் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

"போட்டு வாறம், மாமி."

ஒப்பாரி நின்றது. செத்தவீட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தமாம். எனக்கு அது எப்படித் தெரியும்? "என்ன வாயடி உனக்கு" என்று யாரோ ஒரு பெரியம்மா என் தோளில் இடித்தார். மாமி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் அள்ளி அள்ளி ஊற்றினார். செத்தவீட்டால் வந்தால் எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். அம்மா அதைக் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். தானும் குளிக்கவில்லை, என்னையும் குளிக்க விடவில்லை. என்னைச் சுருபத்துக்கு முன்னால் இருத்தி, "உன்ரை வாயாலை ஆண்டவர்தான் கதைச்சவர். அவங்கள் வருவாங்கள்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா இன்றும் அதைத்தான் சொல்லுகிறார். கார்த்திகையில் மரித்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிப் பங்குச் சுவாமி கேட்டால், என்ரை மகன் மரிக்கவில்லை என்று திருப்பியனுப்புகிறார். விடாமல் மன்றாடுங்கள் என்று சுவாமி பிரசங்கம் வைக்கும்போது எனக்கு வயிறு எரியும். அந்த வேதக் கதையில் வருகிற விதவை நீதி கேட்டு அலைய அலைய நீதிபதி கடைசியில் இரங்கினார். எங்கள் அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். செபிப்பதை நிறுத்துங்கோ என்று நான் எந்த வாயால் சொல்ல? ஆண்டவர் கதைத்ததாக அவர் நம்புகிற வாயே இதுதானே. அப்பா செத்தும் போனார். அண்ணைக்கு ஒரு பூசை வைக்க அவருக்கு வாய்க்கவில்லை.

அந்தச் செத்தவீட்டன்று பின்னேரம் நான் வளவில் கோழிகளுக்குக் குருணி போட்டுக்கொண்டிருந்தேன். பொட்டடியில் மாமி இருந்தார். தலைமயிர் ஈரம் காயவில்லை. இங்காலே வராமல் அங்கேயே குந்தியிருந்து, மெல்லக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வா. அங்கை வந்து ஒண்டு சொன்னனியெல்லே. இன்னொருக்காச் சொல்லு."

பள்ளிக்கூடத்தில் ரீச்சர் "இன்னொருக்காச் சொல்லு பாப்பம்" என்றால் அடுத்தது அடிதான். நான் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இனிச் சொல்லமாட்டன், மாமி. அந்தோனியாராணை, இனி ஒருக்காலும் சொல்லமாட்டன்."

மாமி என் வாயையே பார்த்தார். பிறகு பொட்டுக்குள்ளால் கையை நீட்டி என் தலையைத் தடவி, "நல்ல பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அடி விழாமல் தப்பியதே பெரிய காரியம் என்று நான் திரும்பவும் குருணியை அள்ளினேன். ஏசவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பிறகு என்னத்துக்கு வந்தவர் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.